கனடாப் போத்தலில் வரும் பற்றீரியா குடலில் குடியேறுமா?

ஆடி, ஆவணி மாதங்களில் எங்கள் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் வெறும் மருந்துத் துண்டோடு மட்டும் வருவதில்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த பிள்ளைகளும் மருமக்களும் சூட்கேசில் கொண்டுவந்து கொடுத்த போத்தல்களும் கூடவே வரும். மீன் எண்ணெய், விற்றமின் டி, முழங்காலுக்குக் குளுக்கோசமின் என்று இருந்த வரிசையில் சில வருடங்களாகப் புரோபயோட்டிக்கும், அதாவது குடலுக்கு நல்லதென்று உயிரோடு அடைத்து விற்கிற கிருமிகளும், சேர்ந்துவிட்டது. மேசையில் வைத்துவிட்டு, "இதென்ன தம்பி, எப்பிடிக் குடிக்கிறது?" என்பார்கள். எங்களிடம் வாங்காத சாமானுக்கு விளக்கம் சொல்வதும் எங்கள் வேலைதான். சொல்லாவிட்டால் அடுத்த முறை பனடோலுக்கும் வேறு கடைக்குப் போய்விடுவார்கள்.

ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது. "ரொறன்ரோவிலை இருந்து மகள் குடுத்துவிட்டவள். மூண்டு மாசம் குடிச்சா நல்ல கிருமி வயித்துக்கை குடியிருந்திடுமாம். பிறகு குடிக்கத் தேவையில்லையாம். உண்மையோ?"

அவர் ஒன்றாகக் கேட்டாலும் அதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பற்றீரியா உயிரோடு குடலுக்குப் போய்ச் சேருமா? சேர்ந்தால் அங்கேயே தங்குமா? பல இனங்கள் போய்ச் சேரும், நாங்கள் கொஞ்சம் கவனமாக இருந்தால். தங்குவது சிலரில்தான். விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் கதைக்கின்றன. ஆட்களும் "உயிரோடு போகும்" என்று எழுதியிருப்பதை "போய்க் குடியிருக்கும்" என்று வாசித்துவிடுகிறார்கள்.

முதலில் போத்தலைப் பார்ப்போம். ரீச்சரின் போத்தலில் 50 பில்லியன் சி.எவ்.யூ. என்று இருந்தது. வளர்ப்புத் தட்டில் விட்டால் ஒரு கூட்டமாக முளைக்கக்கூடிய உயிருள்ள அலகுகளின் எண்ணிக்கைதான் சி.எவ்.யூ. அந்த எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும், அதைத்தான் நான் முதலில் தேடுவேன். சிலவற்றில் "உற்பத்தியின்போது" என்று இருக்கும். சிலவற்றில் "காலாவதித் திகதி வரை" என்று இருக்கும். முதல் வகையில் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த நாளின் கணக்கைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு எத்தனை செத்ததென்று அவர்கள் பொறுப்பெடுக்கவில்லை. இரண்டாவது வகையில் சாவதற்கும் சேர்த்துக் கூடுதலாகப் போட்டிருப்பார்கள். எண் சிறிதாக இருந்தாலும் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

கப்சியூலுக்குள் இருப்பது உறைய வைத்து உலர்த்திய பற்றீரியா. ஈரம் போனதால் உறங்கிக் கிடக்கிறது. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சாகும். எங்கள் ஊர் சித்திரை, வைகாசியில் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கட்டுநாயக்காவில் இறங்கி, ஏ9 வீதியில் வானில் இரவிரவாக வந்து சேரும் பயணம்கூடப் பெரிய கெடுதல் செய்யாது. கெடுதல் வீட்டில்தான் நடக்கிறது. மருந்துப் போத்தல்களை பிரிஜ்ஜுக்கு மேலே வரிசையாக அடுக்கி வைப்பது எங்கள் வீடுகளில் வழமை. கண்ணில் படும், சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாது என்பது காரணம். ஆனால் பிரிஜ்ஜின் பின்னாலிருந்து எழும் சூடு அங்கேதான் போய் நிற்கும். உள்ளே நாலு பாகையில் இருக்க வேண்டியது வெளியே முப்பத்தைந்தில் இருக்கும். அப்புறம் அந்தச் சின்ன உலர்த்திப் பொதி. "இது என்ன குப்பை" என்று எறிந்துவிட்டு, கப்சியூல்களை வேறு வடிவான போத்தலில் மாற்றி வைத்திருந்த ஒரு வீட்டையும் கண்டிருக்கிறேன். அந்தப் பொதி ஈரத்தை உறிஞ்சத்தான் இருக்கிறது. போத்தலை மாற்றக் கூடாது, ஈரக் கையை உள்ளே விடக் கூடாது, எடுத்தவுடன் மூட வேண்டும். எல்லாப் போத்தலும் பிரிஜ்ஜுக்குள் இருக்க வேண்டும் என்றும் இல்லை. லேபிளில் அறை வெப்பநிலை என்று எழுதியிருந்தால், அது 25 பாகைக்குக் கீழே என்று தொடர்கிறதா என்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் குளிரூட்டாத அறை எதுவும் பகலில் அந்த அளவுக்கு இறங்காது. அதனால் நான் எல்லாவற்றையும் பிரிஜ்ஜின் நடுத் தட்டில் வைக்கத்தான் சொல்வது.

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் போனபோது யோகட் விற்ற கடைகளின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். இன்றைக்குக் கறண்ட் இருக்கிறது, ஆனால் பில்லுக்குப் பயந்து இரவில் பிரிஜ்ஜை நிற்பாட்டும் கடைகள் இருக்கின்றன. எங்கள் ஒழுங்கைக்குப் பக்கத்திலேயே ஒன்று உண்டு. காலையில் போய் யோகட் எடுத்தால் கப் வியர்த்திருக்காது, கையில் குளிரும் தெரியாது. அங்கே நான் வாங்குவதில்லை. மேலே கொஞ்சம் தெளிநீர் நிற்பது குற்றமில்லை. மூடி உப்பியிருந்தால் உள்ளே மதுவமோ (ஈஸ்ட்) வேறெதுவோ வாயு விட்டிருக்கிறது, தொடவே வேண்டாம்.

சரி, வாய்க்குள் போட்டாயிற்று. வெறும் வயிற்றில் இரைப்பையின் பீஎச் ஒன்றரை, இரண்டு அளவில் இருக்கும். அது கடும் அமிலம், சாப்பாட்டோடு வரும் கிருமிகளைக் கொல்லத்தான் இருக்கிறது. அதற்கு நல்ல கிருமி, கெட்ட கிருமி என்ற பேதம் இல்லை. சாப்பாடு உள்ளே போனால் அமிலம் கொஞ்ச நேரத்துக்கு நீர்த்து, பீஎச் நாலு, ஐந்துக்கு ஏறும். அந்த இடைவெளியில்தான் பற்றீரியா தப்பிக்க வேண்டும். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், செயற்கை இரைப்பையும் குடலும் செய்து, புரோபயோட்டிக்கைச் சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டோடு, சாப்பாட்டுக்குப் பின் என்று விட்டுப் பார்த்தார்கள். சாப்பாட்டோடும், அரை மணி முன்பும் கொடுத்தவை நன்றாகத் தப்பின. சாப்பிட்டு அரை மணி கழித்துக் கொடுத்தவைதான் அதிகம் செத்தன. வெறும் தண்ணீரையும் அப்பிள் சாற்றையும் விட, பாலும் பால் சேர்த்த ஓட்ஸ் கஞ்சியும் கூடுதலாகக் காப்பாற்றின. கொஞ்சம் கொழுப்பு இருந்தால் நல்லது என்று அர்த்தம்.

ஆகவே "சாப்பிட்ட பிறகு" என்று எல்லா மருந்துக்கும் சொல்கிற வழக்கத்தை இதற்குச் சொல்லாதீர்கள். காலைச் சாப்பாட்டின் முதல் வாயோடு போடச் சொல்லுங்கள். விழுங்கக் கஷ்டப்படுகிறவர்கள் கப்சியூலை உடைத்துத் தூளைத் தயிரிலோ ஆறிய கஞ்சியிலோ கலக்கலாம். கொதிக்கும் சொதியில் தூவிய ஒரு மாமியைத் தெரியும். இடியப்பத்துக்கு அது கெடுதல் இல்லை, பற்றீரியாவுக்குத்தான். பிளேன்ரீயோடு விழுங்குகிறவர்கள் ரீ ஆறும்வரை பொறுக்கலாம், இல்லையென்றால் பச்சைத்தண்ணீரே போதும்.

இந்த அமிலக் கதை எல்லாவற்றுக்கும் ஒன்றல்ல. சின்ன பிளாஸ்ரிக் குழாயில், கலங்கிய தண்ணீர் போல வருகிற ஒன்று இருக்கிறதல்லவா, குழந்தைகளுக்கு வயிற்றோட்டம் என்றால் எழுதிக் கொடுப்பார்களே, அதில் இருப்பது பசிலஸ் கிளவுசி என்ற பற்றீரியாவின் வித்திகள். வித்தி நிலையில் அதற்கு அமிலமும் பொருட்டில்லை, எங்கள் வெயிலும் பெரிதாகப் பொருட்டில்லை. சக்கரோமைசஸ் புலார்டி என்பது பற்றீரியாவே இல்லை, மதுவம். மேற்சொன்ன ஆய்விலும் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது அதைப் பாதிக்கவில்லை. 1920களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரரான ஹென்றி புலார்ட் இந்தோசீனாவில் லைச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். கொலரா பரவிய காலத்தில் அந்தத் தோல்களை அங்குள்ளவர்கள் உண்பதைக் கவனித்ததுதான் தொடக்கம்.

இடையில் ஒன்று. யாழ்ப்பாணத்தில், வயிற்று அமிலத்தைக் குறைக்கிற ஒமெப்ரசோல் சாப்பிடாத வீடு குறைவு. ஒரு தடவை எழுதிக் கொடுத்ததை வருடக்கணக்காக வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அமிலம் குறைந்தால் புரோபயோட்டிக் கூடுதலாகத் தப்பும் என்று ஒரு வாடிக்கையாளர் எனக்கே விளக்கம் சொன்னார். தப்பும்தான். கடைச் சாப்பாட்டில் வந்த சல்மொனெல்லாவும் அதே வாசலால் தப்பும். ஒமெப்ரசோலை வைத்தியரிடம் கேட்டுக் குறைக்க முடியுமா என்று பார்ப்பது, புரோபயோட்டிக் போத்தல் வாங்குவதைவிடக் குடலுக்கு உபகாரம்.

இரைப்பையைத் தாண்டினால் பித்தநீர். கொழுப்பைக் கரைக்கிற பித்தநீர் பற்றீரியாவின் மென்சவ்வையும் கரைக்கும். யோகட், தயிர்ப் பற்றீரியாக்கள் பலவும் தோற்றுப்போவது இங்கேதான். 1905இல் ஸ்ரமென் கிரிகோரவ் பல்கேரியத் தயிரில் கண்டுபிடித்த லக்டோபசிலஸ் பல்கேரிக்கஸை, பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த மெச்னிகொவ் உலகமெல்லாம் பிரபலப்படுத்தினார். நோய் எதிர்ப்புப் பற்றிய ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். தயிர்ப் பற்றீரியா பெருங்குடலில் போய் அழுகலைத் தடுக்கும், ஆயுள் நீளும் என்பது அவர் எண்ணம். 1920களில் யேல் பல்கலைக்கழகத்தில் லியோ ரெட்கர் ஆராய்ந்து பார்த்தபோது பல்கேரிக்கஸ் குடலில் ஊன்றவில்லை. ரீச்சர் கேட்ட கேள்விக்கு நூறு வயது ஆகிறது என்பதற்காகச் சொல்கிறேன். 1930இல் மினோரு ஷிரோட்டா ஜப்பானில் அமிலத்தையும் பித்தத்தையும் தாங்கக்கூடிய ஓர் இனத்தைத் தேர்ந்து வளர்த்தார். 1935இல் அது யாகுல்ட் என்ற புளித்த பால் பானமாக விற்பனைக்கு வந்தது. குடலுக்கு உயிரோடு போவது என்ற யோசனை அப்படித்தான் வியாபாரமானது.

சாகிறதென்றால் தயிரால் பயனில்லை என்று நினைத்துவிட வேண்டாம். என் அப்பாவுக்கு ஒரு கப் பால் குடித்தால் வயிறு ஊதி, உள்ளே இரைச்சல் கேட்கும். அதே பாலைத் தயிராக்கிக் கொடுத்தால் ஒன்றும் செய்யாது. தயிர்ப் பற்றீரியா பாலின் லக்ரோசைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது. மிச்சத்தை உடைக்கிற நொதியத்தையும் தன்னுள்ளே வைத்திருக்கிறது. சிறுகுடலில் பித்தம் பட்டு உடைகிறபோது அந்த நொதியம் வெளியே வந்து அப்பாவுக்காக வேலை செய்கிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2010இல் இதை ஏற்றுக்கொண்டது. புரோபயோட்டிக் பற்றிச் சொல்லும் விளம்பர வாசகங்களைத் தொடர்ந்து நிராகரித்து வந்த சபை அது.

இனித் தங்குவது. ரீச்சருக்கு ஒரு மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 2016இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி ஒரு மனிதனின் உடலில் சுமார் 38 லட்சம் கோடி பற்றீரியாக்கள் இருக்கின்றன, பெரும்பாலும் பெருங்குடலில். போத்தலின் 50 பில்லியன் என்றால் 5,000 கோடி. அத்தனையும் சாகாமல் போய்ச் சேர்ந்தாலும் 760க்கு ஒன்று. அந்த 760உம் சும்மா இருப்பவை அல்ல. குடற்சுவரின் சளிப்படலத்தில் ஒட்டக்கூடிய இடங்களை அவை பிடித்து வைத்திருக்கின்றன, வருகிற நார்ப்பொருளைத் தின்கின்றன, புதியவற்றுக்குச் சரிவராத அமிலங்களையும் நஞ்சுப் புரதங்களையும் விடுகின்றன. இந்த எதிர்ப்பால்தான் கண்ட கண்ட கிருமியெல்லாம் எங்கள் குடலில் குடியேறுவதில்லை. கெட்டதைத் தடுக்கிற அதே எதிர்ப்பு நல்லதையும் தடுக்கிறது.

நல்லூரில் கொடியேறினால் கோயில் வீதியில் கச்சான் கடைகள் முளைக்கும். 25 நாளும் வியாபாரம் நடக்கும், பிறகு எல்லாம் கழற்றி ஏற்றப்பட்டுவிடும். கச்சான் கடைக்காரர் ஊரில் காணி வாங்கவில்லை என்பதற்காக அந்த 25 நாள் வியாபாரம் பொய்யாகிவிடாது. போத்தல் பற்றீரியாவின் கதை பெரும்பாலும் இதுதான். குடித்துக்கொண்டிருக்கும்வரை மலத்தில் காணப்படும். நிறுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். ஏதும் பயன் இருந்தால் அது கடந்து போகும்போது நடப்பதுதான்.

2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் இதை நேரடியாகப் பார்த்தார்கள். பதினொரு இனங்கள் கலந்த புரோபயோட்டிக்கைக் கொடுத்து, வாய்வழியாகவும் மலவாசல் வழியாகவும் குழாய் விட்டு, குடலின் வெவ்வேறு இடங்களிலிருந்து மாதிரி எடுத்தார்கள். சிலரின் குடற்சுவரில் அவை ஒட்டியிருந்தன, சிலரில் இல்லவே இல்லை. இரு சாராரின் மலத்திலும் அவை இருந்தன. இதில் எனக்கு முக்கியமாகப்பட்டது, மலத்தைப் பார்த்துக் குடலில் குடியேறிவிட்டதென்று சொல்ல முடியாது என்பதுதான். வெளிநாட்டிலிருந்து மலப் பரிசோதனைப் பெட்டி வரவழைத்து, அந்த அறிக்கையைக் கைப்பேசியில் காட்டி "ஏறிட்டுது பாருங்கோ" என்று ஒரு தம்பி வந்தார். ஏறவில்லை, கடந்து போயிருக்கிறது என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

தங்குகிற ஆட்களும் இருக்கிறார்கள். 2016இல் பிபிடோபக்ரீரியம் லோங்கம் இனம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்ததில், பத்தில் மூன்று பேரின் குடலில் அது ஆறு மாதமாவது நிலைத்தது. அந்தப் பற்றீரியாவின் உறவினங்களும், அது தின்னும் சர்க்கரைகளை உடைக்கும் மரபணுக்களும் ஏற்கெனவே குறைவாக இருந்தவர்கள் அவர்கள். பிறந்த குழந்தைகளின் குடலும் அப்படி இடம் உள்ள குடல். ஒடிசாக் கிராமங்களில் நிறைமாதத்தை ஒட்டிப் பிறந்த 4,556 குழந்தைகளை வைத்து நடந்து, 2017இல் வெளிவந்த ஆய்வில், ஒரு கிழமை லக்டோபசிலஸ் பிளான்டரமும் அதற்கு உணவாக ஒரு நார்ச் சர்க்கரையும் கொடுத்ததில், இரத்தத்தில் கிருமி பரவுதலும் இறப்பும் சேர்ந்து 40 வீதம் குறைந்தன. பெரியவர்களின் வயிற்றில் இதை எதிர்பார்க்க முடியாது.

அன்ரிபயோட்டிக் எடுக்கும்போது கேள்வி கொஞ்சம் மாறும். காலில் ஆணி குத்திச் சீழ் வைத்து, கோ-அமொக்சிகிளாவ் எடுக்க வேண்டி வந்தபோது நானும் இதை யோசித்தேன். அந்த மருந்து வயிற்றாலே போகச் செய்வதில் பேர்போனது. காயத்தைவிட அந்தப் பயம் பெரிதாக இருந்தது, கடையில் நாள் முழுக்க நிற்கிற தொழில் அல்லவா. நான் எடுத்தது முன்பு சொன்ன சக்கரோமைசஸ் புலார்டி மதுவப் பொதி. காரணம் எளிது. அது மதுவம் என்பதால் பற்றீரியாவைக் கொல்லும் மருந்து அதைத் தொடாது, நேரம் பார்க்கத் தேவையில்லை. லக்டோபசிலஸ் வகை என்றால் அன்ரிபயோட்டிக்குக்கும் அதற்கும் குறைந்தது இரண்டு மணித்தியாலம் இடைவெளி விட வேண்டும். இரண்டையும் ஒரே வாய்த் தண்ணீரில் விழுங்குகிறவர்கள் காசைத் தண்ணீரில் போடுகிறார்கள். மறுபக்கம், புளூக்கனசோல் போன்ற பூஞ்சை மருந்து எடுக்கிறவருக்கு மதுவப் பொதியால் பயன் இல்லை. எனக்கு வயிறு பெரிதாகக் குழம்பவில்லை. அது பொதியாலா, தானாகவா என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. அதற்குத்தான் நிறையப் பேரை வைத்துச் செய்கிற ஆய்வுகள். பிள்ளைகளை வைத்து நடந்த 33 ஆய்வுகளை 2019இல் கொக்ரேன் குழு சேர்த்துப் பார்த்தது. அன்ரிபயோட்டிக்கோடு புரோபயோட்டிக்கும் எடுத்தவர்களில் 100க்கு 8 பேருக்கு வயிற்றோட்டம், எடுக்காதவர்களில் 19 பேருக்கு. ஒரு நாளைக்கு ஐந்து பில்லியனும் அதற்கு மேலும் கொடுத்தபோதுதான் பலன் தெளிவாகத் தெரிந்தது.

அதே வைஸ்மன் குழுவின் இன்னோர் ஆய்வு இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. அன்ரிபயோட்டிக் முடிந்த பிறகு புரோபயோட்டிக் எடுத்தவர்களில் அவை நன்றாக ஊன்றின, ஏனென்றால் இடம் காலியாக இருந்தது. ஆனால் அதனால் அவர்களின் சொந்தப் பற்றீரியாக்கள் திரும்பி வர மாதக்கணக்கில் தாமதமானது. ஒன்றும் எடுக்காமல் விட்டவர்களின் குடல் அதைவிட வேகமாகப் பழைய நிலைக்கு வந்தது. இது சிறிய ஆய்வு, இருபத்தொரு பேர்தான். இருந்தாலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் சொல்வது இதுதான்: வயிற்றோட்டத்துக்கு வாய்ப்பு அதிகம் என்றால் அன்ரிபயோட்டிக் தொடங்கிய அன்றே தொடங்குங்கள், அது முடிந்து சில நாளில் நிறுத்துங்கள். "குடலைத் திருத்த" என்று பிறகு மாதக்கணக்கில் இழுக்க வேண்டாம். குடல் தன்னைத் தானே திருத்துகிறது, அதற்கு வழிவிட வேண்டும்.

குழந்தைக்குச் சாதாரண வயிற்றோட்டம் என்று வருகிற தாய்மாருக்கு நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ஜீவனிதான், உடலில் குறைந்த நீரையும் உப்பையும் ஈடு செய்யக் கரைத்துக் குடிக்கிற பொதி. பொதியில் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்டியால். அப்புறம் வைத்தியர் எழுதினால் சிங்க். 2018இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் அவசரப் பிரிவுக்கு வந்த பிள்ளைகளை வைத்துச் செய்த இரண்டு பெரிய ஆய்வுகளிலும், லக்டோபசிலஸ் வகைகளால் வயிற்றோட்டம் சீக்கிரம் நிற்கவில்லை. கையில் ஜீவனிக்கும் முன்பு சொன்ன பசிலஸ் கிளவுசிக் குழாய் மருந்துக்கும் சேர்த்துக் காசில்லாத தாய் ஒருத்தி எதை எடுக்கட்டும் என்று கேட்டால் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

வாங்குவதற்கு முன் பெயரை முழுதாக வாசியுங்கள். பேரினம், இனம், அதன் பின்னால் எழுத்தோ எண்ணோ கொண்ட ஒரு குறியீடு என்று மூன்றும் இருக்க வேண்டும். லக்டோபசிலஸ் ரம்னோசஸ் ஜிஜி என்பதில் அந்தக் கடைசி ஜிஜிதான் ஆய்வு செய்யப்பட்டது எது என்று சொல்கிறது. வெறுமனே "லக்டோபசிலஸ்" என்று மட்டும் எழுதிய போத்தலுக்கு எந்த ஆய்வையும் பொருத்திப் பார்க்க முடியாது. 2020இல் லக்டோபசிலஸ் என்ற பேரினத்தைப் பல பேரினங்களாகப் பிரித்துவிட்டார்கள். புதிய லேபிளில் லக்டிகேசிபசிலஸ் என்று இருந்தால் கள்ளச் சாமான் என்று பயப்பட வேண்டாம்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்ப என்னதான் சாப்பிடுறது?" என்பார்கள். ஏற்கெனவே குடியிருப்பவற்றுக்குச் சாப்பாடு போடுங்கள் என்பேன். அவற்றின் சாப்பாடு எங்கள் சந்தையிலேயே கிடைக்கிறது. எங்கள் செம்மண்ணில் விளைகிற சின்ன வெங்காயத்திலும் உள்ளியிலும் நாங்கள் செமிக்க முடியாத, பற்றீரியா மட்டும் தின்னக்கூடிய நார்ச் சர்க்கரை நிறைய. பயறு, கௌபி, கடலையிலும் உண்டு. தின்றால் வாயு பறிகிறதென்று முறையிடுகிறார்களே, அந்த வாயு பற்றீரியா சாப்பிட்டதற்கு அத்தாட்சி. முருங்கையிலை, வாழைப்பூ, குரக்கன் பிட்டு, ஒடியல் மா எல்லாம் அந்தப் பக்கத்துச் சாமான்கள்.

அம்மம்மா வீட்டில் காலையில் பழஞ்சோறு குழைப்பார். இரவு தண்ணீர் ஊற்றி வைத்த சோற்றைப் பிழிந்தெடுத்து, முதல் நாள் மீன் குழம்புச் சட்டியில் போட்டு, தயிர், பச்சைமிளகாய், நசித்த வெங்காயம் எல்லாம் சேர்த்து, சட்டியின் அடியில் ஒட்டியிருப்பதையும் வழித்துக் குழைத்து, திரளையாக உருட்டி ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். கடைசித் திரளைக்குத்தான் சண்டை. அந்தச் சோற்றில் இரவோடிரவாக லக்ரிக் அமிலப் பற்றீரியாக்கள் பெருகியிருக்கும். ஆறிய சோற்றில் மாப்பொருளின் ஒரு பகுதி இறுகி, சிறுகுடலில் செமிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ளவற்றுக்குச் சாப்பாடாகும். கப்சியூலில் பற்றீரியா உண்டு, இந்தச் சாப்பாடு கிடையாது. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். சமைத்து மத்தியானம் முழுக்க மேசையில் கிடந்த சோற்றை இரவில் தண்ணீர் ஊற்றுவது பழஞ்சோறு ஆகாது. பசிலஸ் செரியஸ் என்ற கிருமி அதற்குள் நஞ்சு விட்டிருக்கும், அது சூடாக்கினாலும் போகாது. சோறு ஆறியவுடனே தண்ணீர் ஊற்றி மூடி வைக்க வேண்டும். நாற்றமோ வழுவழுப்போ இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

தோசை, இட்லி, கள்ளு விட்டுப் புளிக்க வைத்த அப்பம் இவற்றில் உயிருள்ள பற்றீரியா இல்லை, சூட்டில் செத்துவிடும். புளிப்பால் வந்த செமிபாட்டு லேசும் விற்றமினும் மிஞ்சும், அவ்வளவுதான். மோர் மிளகாயைப் புரோபயோட்டிக் என்று எழுதியிருந்த ஒரு பக்கெற்றையும் பார்த்தேன். எண்ணெயில் பொரித்த பிறகு அதில் உயிர் தேடுவது யார்? 2021இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் 36 பேரை வைத்துச் செய்த ஆய்வில், பத்து வாரம் நிறையப் புளித்த உணவு சாப்பிட்டவர்களின் குடலில் பற்றீரியா வகைகள் பெருகின, அழற்சியைக் காட்டும் 19 புரதங்கள் குறைந்தன. புதிதாகத் தெரிந்த வகைகளில் மிகக் கொஞ்சம்தான் அந்த உணவிலிருந்து வந்தவை. மிச்சமெல்லாம் வேறெங்கிருந்தோ வந்தவை, அல்லது ஏற்கெனவே ஒளிந்திருந்து தலைகாட்டியவை. வந்து போகிறவை தங்காமலே இருப்பவற்றை மாற்றுகின்றன என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று இது.

வாங்கிய யோகட்டில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க அம்மா செய்யும் முறை இருக்கிறது. ஒரு கோப்பைப் பாலைக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, சீனியும் வாசனையும் போடாத யோகட்டில் ஒரு தேக்கரண்டி எடுத்துக் கலக்கி மூடி வைப்பார். எங்கள் வெக்கைக்கு ராத்திரி வைத்தது விடிய முன்னே உறைந்திருக்கும். உறையாவிட்டால் அந்தக் கடைக்கு அம்மா இனிப் போகமாட்டார். உறைந்தால் தயிர்ப் பற்றீரியா உயிரோடு இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. கூடுதலாகச் சேர்த்ததாக மூடியில் எழுதிய இனம் இருக்கிறதா என்பது இதில் தெரியாது. கப்சியூல் தூளைப் பாலில் போட்டு உறையவில்லை என்று போத்தலோடு கடைக்கு வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன். பாலை நன்றாக உறைய வைக்காத இனங்கள் பல உண்டு. பால் உறையவில்லை என்பதற்காகத் தூள் செத்ததாகாது.

எல்லோருக்கும் இது ஆபத்தில்லாத சாமான் என்று நினைத்துப் பகிர்ந்துகொள்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இவற்றைக் கொடுப்பது பற்றி 2023இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்தது. அந்தக் குழந்தைக்கு எது கொடுப்பதென்பது குழந்தை வைத்தியரின் முடிவு, மாமியின் போத்தலின் முடிவல்ல. புற்றுநோய் மருந்து ஏற்றுகிறவர், நீண்ட நாள் ஸ்ரீரொயிட் எடுக்கிறவர், உறுப்பு மாற்றியவர், கழுத்து இரத்தநாளத்தில் குழாய் போட்டு வார்ட்டில் இருப்பவர், இவர்களுக்குச் சாதுவான கிருமியும் இரத்தத்தில் ஏறலாம். மதுவப் பொதியைப் பிரிக்கும்போது தூள் பறக்கும், கையில் ஒட்டும், அங்கிருந்து குழாய்க்குப் போகும். இரத்தத்தில் மதுவம் கண்ட நோயாளிகள் அப்படித்தான் வந்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரைப் பார்க்கப் போகிறவர்கள் பொதியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து உடைக்க வேண்டாம். கேட்காமல் கொண்டுபோகவும் வேண்டாம்.